மலையேறிய எஞ்சின்கள் – 14: செம்பின் இரண்டு வேலைகள்

நீர்ச்சக்கரமும் நீராவிக் கொதிகலனும் ஆண்ட தேயிலை ஸ்டோர்களுக்குள் எண்ணெய் எஞ்சின் எப்படி நுழைந்தது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த எஞ்சின் குடித்த எண்ணெயின் கதை இந்த வாரம். ஆனால் எஞ்சின் அறைக்குப் போகும் முன் தலவாக்கலைக்குப் போக வேண்டியிருக்கிறது. எண்ணெய் ஏன் கெடுகிறது என்ற கேள்விக்கு விடையில் பாதி அங்கே, கொழுந்துக்குள் இருக்கிறது.

இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. பின்னர் அது தலவாக்கலையை அடுத்த சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. கொழுந்து பறிக்கும் மலையும் அரைக்கும் ஸ்டோரும் ஆய்வுகூடமும் ஒரே இடத்தில் அமைந்த நிலையம் அது. 1940இல், ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்ட வேளையில், அங்கிருந்து சென்ற ஆய்வுக் கட்டுரைகள் பிரித்தானியாவின் ‘பயோகெமிக்கல் ஜேர்னல்’ இதழில் வெளிவந்தன. இலங்கைத் தேயிலை நொதிக்கும்போது என்ன நடக்கிறது என்பதே அவற்றின் பொருள். எழுதியவர்கள் ஜே. லாம்ப், எச். பி. ஸ்ரீரங்காச்சார் என்ற இருவர். 1943இல் ஸ்ரீரங்காச்சார் தனியாகவும் எழுதினார். கொழுந்தைக் கறுக்க வைக்கும் நொதியம் எது, அது எந்த வகையைச் சேர்ந்தது என்று ஆராய்ந்த கட்டுரை அது. அதற்குக் கிடைத்த விடை: செம்பைத் தாங்கிய ஒரு புரதம்.

நொதித்தல் என்று நாம் சொன்னாலும் ஸ்டோரில் நடப்பது தோசை மாவு புளிப்பதைப் போன்ற வேலை அல்ல. அங்கே நுண்ணுயிருக்குப் பங்கில்லை. வாடிய கொழுந்து ரோலருக்குள் போய் முறுக்கப்படும்போது இலையின் உயிரணுக்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த சாறும் நொதியமும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசன் வந்து சேர்கிறது. சாற்றிலுள்ள கற்றக்கின்கள் ஒட்சியேறி ஒன்றோடொன்று பிணைந்து தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்னும் நிறப்பொருள்களாகின்றன. கோப்பையில் நாம் பார்க்கும் செம்பொன் நிறமும் நாக்கில் படும் துவர்ப்பும் இவற்றால் வருபவை. பச்சை வாடை போய், பழவாடை போன்ற மணம் எழும் கணத்தை டீமேக்கர் மூக்கால் பிடிப்பார். அந்தக் கணம் தவறினால் அன்றைய கொழுந்து முழுவதும் தரம் இழக்கும். சூளையின் வெப்பக் காற்றில் நொதியம் செத்து, ஒட்சியேற்றம் நிற்கும்.

இந்த நொதியத்தின் பெயர் பொலிபீனோல் ஒட்சிடேஸ். அதன் மையத்தில் இரண்டு செம்பு அணுக்கள் அருகருகே அமர்ந்திருக்கின்றன. ஒட்சிசனை இறுகப் பிடித்து, கற்றக்கின் மூலக்கூறிலுள்ள கற்றெகோல் என்ற பகுதியிலிருந்து இலத்திரன்களை வாங்கி ஒட்சிசனுக்குக் கொடுப்பது இந்தச் செம்பின் வேலை. வாங்கும்போது ஒரு நிலை, கொடுத்ததும் பழைய நிலை. இப்படி மாறி மாறி இயங்குவதால் அது தீர்ந்துபோவதில்லை. ஒரே சோடி அணுக்கள் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை மாற்றிவிட்டு அப்படியே நிற்கும்.

ஸ்ரீரங்காச்சாரின் கட்டுரைக்குச் சில ஆண்டுகள் முன்புதான் பேர்லினில் குபோவிற்ஸ் உருளைக்கிழங்கிலும், கேம்பிரிட்ஜில் கெய்லினும் மானும் காளானிலும் இதே வகை நொதியம் செம்புப் புரதம் என்று காட்டியிருந்தார்கள். தேயிலையில் அதைக் காட்டிய ஆய்வு நம் மலையில் நடந்தது. நொதியத்துக்குள் உலோகம் ஒளிந்திருக்கிறதா என்று கண்டறிய அக்காலத்து ஆய்வாளர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். செம்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். வேலை நின்றுபோனால், வேலை செய்தது செம்பு என்று பொருள். இந்த வழியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதே தந்திரம் சற்று நேரத்தில் பெற்றோல் தாங்கியிலும் வரப்போகிறது.

செம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் சான்று கிடைத்தது. நியாசாலாந்தில், அதாவது இன்றைய மலாவியில், செம்புச் சத்துக் குறைந்த மண்ணில் வளர்ந்த கொழுந்து சரியாக நொதிக்கவில்லை. அரைத்தாலும் பச்சையாகவே கிடந்தது. நம் மலையில் அந்தக் குறை எழவில்லை. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தபின் இங்கே செம்பு மருந்து தெளிப்பது வழக்கமாகி, செடிக்கு வெளியிலிருந்தும் செம்பு கிடைத்தது.

ஸ்டோருக்குள்ளும் செம்பு குறைவில்லாமல் இருந்தது. கொழுந்துச் சாறு இரும்பில் பட்டால் மை போலக் கறுத்து, தேயிலையின் நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். அதனால் ரோலர் மேசைகளுக்குப் பித்தளைத் தகடும் பித்தளைச் சட்டங்களும் போட்டார்கள். பித்தளையில் பெரும்பங்கு செம்பு, மீதி துத்தநாகம். புளிப்புள்ள கொழுந்துச் சாறு நாள்தோறும் அதை அரிக்க, அணுவணுவாகச் செம்பு தேயிலையில் சேர்ந்தது. உற்பத்தித் தேயிலையில் செம்பு எவ்வளவு இருக்கலாம் என்று வாங்கும் நாடுகள் வரம்பு விதித்தபோது பித்தளை மேசையும் சந்தேகத்துக்கு உள்ளானது.

இனிக் கதவைத் திறந்துகொண்டு எஞ்சின் அறைக்குப் போகலாம்.

மலையகத்துக்கு முதலில் வந்த எண்ணெய், எஞ்சினுக்காக வரவில்லை, விளக்குக்காக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மண்ணெண்ணெய் ஆசியத் துறைமுகங்களுக்கு மரப்பெட்டிக்கு இரண்டு தகர டின் என்ற கணக்கில் வந்து இறங்கியது. காலி டின் லயத்துக் குசினியில் தண்ணீர்க் குடமானது, கூரை ஓட்டைக்கு ஒட்டானது. 1892இல் மார்க்கஸ் சாமுவேலின் ‘மியூரெக்ஸ்’ கப்பல் சுயஸ் கால்வாய் வழியாக மண்ணெண்ணெயை மொத்தமாகத் தாங்கியில் நிரப்பிக் கிழக்கே கொண்டுவந்தபின் தகர டின்னின் காலம் மெல்ல முடிந்தது. அதே காலத்தில்தான் இங்கிலாந்தின் கிராந்தாமில் ஹோர்ன்ஸ்பி நிறுவனம், அக்ரொய்ட் ஸ்டூவர்ட் வடிவமைத்த எண்ணெய் எஞ்சினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கதையைச் சென்ற வாரம் சொல்லிவிட்டேன்.

டின்னின் உட்புறம் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. வெள்ளீயம் எண்ணெயோடு பெரிதாக வம்பு செய்யாது. ஆனால் எண்ணெய் டின்னை விட்டு வெளியே வந்ததும் தங்கிய இடங்கள் வேறு. விளக்கின் வயிறு பித்தளை. அழுத்த அடுப்பின் தாங்கி பித்தளை. எஞ்சின் அறையில் சுவரோரம் உயரத்தில் வைத்த தாங்கியிலிருந்து இறங்கும் குழாய் செம்பு, அதன் திருகுகுழாய் பித்தளை. வளைக்க எளிது, கறல் பிடிக்காது, பற்றவைத்தால் ஒழுகாது. பொறியாளர் கண்ணுக்குச் செம்பைப் போல நல்ல குழாய் வேறில்லை. எண்ணெய்க்கோ அதைவிடக் கெட்ட துணை வேறில்லை.

எண்ணெய் கெடுவது எப்படி? மண்ணெண்ணெய், டீசல், பெற்றோல் எல்லாமே காபனும் ஐதரசனும் கோத்த ஐதரோகாபன்கள். அவை காற்றோடு மெதுவாகச் சேரும். ஏதோ ஒரு மூலக்கூறு ஓர் ஐதரசன் அணுவை இழந்து, இணையில்லாத இலத்திரனோடு நிற்கும். ஒட்சிசன் வந்து அதோடு ஒட்டும். அப்படி ஒட்டியது பக்கத்து மூலக்கூறிலிருந்து ஓர் ஐதரசனைப் பிடுங்கித் தன்னை நிறைத்துக்கொள்ளும். பறிகொடுத்த மூலக்கூறு இப்போது அதே வெறியோடு நிற்கும். ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலி நீளும். ஒவ்வொரு கண்ணியிலும் பின்தங்குவது ஐதரோபெரொட்சைட்டு என்ற பொருள். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிப்பதும் இதே வகை வினையால்தான்.

செம்பு இல்லாத எண்ணெயில் இந்தச் சங்கிலிகள் அரிதாகவே தொடங்கும். ஐதரோபெரொட்சைட்டும் சாதாரண வெப்பநிலையில் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும். செம்பு வந்ததும் நிலைமை மாறுகிறது. செம்பு அயனுக்கு இரண்டு நிலைகள் உண்டு. கீழ்நிலையில் இருக்கும்போது ஐதரோபெரொட்சைட்டுக்கு ஓர் இலத்திரனைக் கொடுத்து அதை உடைக்கும். உடைந்த துண்டு புதிய சங்கிலியைத் தொடங்கும். இலத்திரனைக் கொடுத்து மேல்நிலைக்குப் போன செம்பு, இன்னொரு ஐதரோபெரொட்சைட்டிலிருந்து இலத்திரனை வாங்கி மறுபடி கீழ்நிலைக்கு வரும். அதிலும் ஒரு சங்கிலி பிறக்கும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. செம்பு தேய்வதில்லை. கொழுந்துக்குள் நடந்த அதே கொடுக்கல் வாங்கல்தான். ஒரு வேறுபாடு: கொழுந்தில் ஒரு புரதம் செம்பைச் சுற்றி நின்று எந்த மூலக்கூறைத் தொட வேண்டும் என்று வழிநடத்துகிறது. எண்ணெயில் செம்பை அடக்க ஆளில்லை.

இந்த வகை வேதியியலின் வேர்கள் பழையவை. இரும்பு உப்பையும் ஐதரசன் பெரொட்சைட்டையும் சேர்த்தால் தார்த்தாரிக் அமிலம் ஒட்சியேறுகிறது என்று ஆங்கில வேதியியலாளர் ஃபென்ரன் 1894இல் எழுதினார். அங்கே உலோகமும் பெரொட்சைட்டும் இலத்திரன் மாற்றித் துண்டுகளை உருவாக்குகின்றன என்ற விளக்கத்தை 1934இல் ஹேபரும் வைஸும் தந்தார்கள். இரும்பு, கோபால்ற்று, மங்கனீசு எல்லாம் எண்ணெயில் இந்த வேலையைச் செய்யும். செம்பு அவற்றில் மிகக் கொடியது. பெற்றோலில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான செம்பு, பிசின் உண்டாவதை விரைவுபடுத்தப் போதும். இன்றைய விமான எரிபொருளில் நூறு கோடியில் சில பத்துப் பங்கு செம்பே சூடான குழாய்களில் படிவை வரவழைக்கிறது. செம்பு-நிக்கல் குழாய்கள் பொருத்திய விமானந்தாங்கிக் கப்பல்களில் அமெரிக்கக் கடற்படை இந்தத் தொல்லையை நேரடியாகச் சந்தித்தது.

அப்படியானால் செம்புக் குழாய் பூட்டிய பழைய எஞ்சின்கள் எப்படி ஓடின? இரண்டு காரணங்கள். முதலாவது, அக்கால மண்ணெண்ணெய் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தெடுத்தது. ஒட்சிசனோடு எளிதில் சேரும் இரட்டைப் பிணைப்பு மூலக்கூறுகள் அதில் குறைவு. இரண்டாவது, எஞ்சின்கள் முரட்டு எஞ்சின்கள். துளை பெரிது, வேகம் குறைவு, சற்றுப் பிசினைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டும் மாறின. 1913இல் பேர்ட்டன் முறை வந்து, கனமான எண்ணெயை வெப்பத்தால் உடைத்துப் பெற்றோல் எடுக்கத் தொடங்கினார்கள். உடைத்த எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. களஞ்சியத்தில் சில வாரம் இருந்தாலே மஞ்சளாகி, ஆவியாக விட்டால் அடியில் அரக்குப் போலப் பிசின் நிற்கும். போதாததற்கு, பெற்றோலின் கெட்ட நாற்றத்தைப் போக்கச் சுத்திகரிப்பு ஆலைகள் செம்புக் குளோரைட்டைப் பயன்படுத்தின. அதன் மிச்சம் பெற்றோலோடு ஊருக்குப் போனது. டீசல் பக்கமோ 1927இல் பொஷ் நிறுவனம் எரிபொருள் பம்புகளைத் தொகையாகச் செய்யத் தொடங்கியபின், பம்பின் உள்தண்டுக்கும் உறைக்கும் இடைவெளி மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்காகச் சுருங்கியது. அந்த இடைவெளியில் பிசின் புகுந்தால் எஞ்சின் நின்றுவிடும்.

இங்கே இக்கதைக்குள் ஒருவர் வருகிறார். சார்ள்ஸ் பெடர்சன், 1904இல் கொரியாவின் பூசானில் பிறந்தவர். தந்தை நோர்வே நாட்டுக் கப்பல் பொறியாளர், தாய் ஜப்பானியர். 1927இல் அமெரிக்காவின் டியூபொன்ற் நிறுவனத்தில் சேர்ந்தவர், கலாநிதிப் பட்டம் எதுவும் பெறாமலே பணிக்காலம் முழுவதும் அங்கு ஆராய்ச்சி செய்தார். பெற்றோலில் கரைந்த செம்பை எளிதில் வெளியே எடுக்க முடியாது. ஆனால் அதைக் கட்டிப்போட முடியுமா என்று அவரும் அவருடைய தோழர்களும் பார்த்தார்கள். சலிசில் அல்டிகைட்டையும் ஓர் இரட்டை அமீனையும் சேர்த்துச் செய்த ஒரு பொருள், செம்பு அயனை நாலா பக்கமும் சூழ்ந்து பிடித்தது. பிடிபட்ட செம்பை ஐதரோபெரொட்சைட்டு அணுக முடியவில்லை. பிசின் அடங்கியது. சென்கூம்ஸின் நொதிய ஆராய்ச்சி அச்சேறுவதற்குச் சற்று முன்னர், 1930களின் இறுதியில், இந்த வேலை அச்சேறியது. செம்பைக் கவ்விப் பிடித்தால் வினை நிற்கும் என்ற அதே அறிவு, ஒரு பக்கம் தேயிலையின் நொதியத்தை அடையாளம் காட்டியது, மறுபக்கம் பெற்றோலைக் காப்பாற்றியது. இவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அறிவு ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் பழுத்தது என்பதே எனக்கு வியப்பு.

பெடர்சனின் கதை அதோடு முடியவில்லை. உலோகத்தைச் சூழ்ந்து பிடிக்கும் மூலக்கூறுகளை அவர் விடாமல் தேடினார். 1960களில் வனேடியத்துக்காக ஒரு மூலக்கூறைச் செய்யப் போனபோது, மூலப்பொருளில் கலந்திருந்த சிறிதளவு கற்றெகோலால் எதிர்பாராத வெண்படிகங்கள் கிடைத்தன. விளைச்சல் 0.4 வீதம்தான். வேறொருவராக இருந்தால் கொட்டியிருப்பார். அவர் ஆராய்ந்தார். சோடியம், பொற்றாசியம் அயன்களைத் தன் நடுக்குழியில் வைத்துக்கொள்ளும் ‘முடி ஈதர்’ அது. 1967இல் அதை வெளியிட்டார். 1987இல் டொனால்ட் கிராம், ஜான்-மரி லென் ஆகியோரோடு நோபல் பரிசு பெற்றார். கொழுந்தில் செம்பு தொடும் அதே கற்றெகோல் பகுதிதான், அவருடைய குடுவையில் அழுக்காக வந்து அவரை உலகறியச் செய்தது.

மலைக்குத் திரும்புவோம். எண்ணெய் கெடும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. பத்துப் பாகை கூடினால் ஏறத்தாழ இரட்டிக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் குளிரில் ஒரு பீப்பாய் எண்ணெய் கொழும்பில் இருப்பதைவிட நீண்ட நாள் தாங்கும். இது மலைக்குக் கிடைத்த நன்மை. ஆனால் வேறொரு பக்கத்தில் மலை எண்ணெயைச் சோதித்தது. ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும் மாதங்களில் ஓடைகள் பெருகும். நீர்விசை வைத்திருந்த ஸ்டோர்களுக்கு அப்போது எண்ணெய் எஞ்சின் தேவைப்படாது. தை, மாசியில் தண்ணீர் வற்றினால்தான் அதைக் கிளப்ப வேண்டும். ஓடும் எஞ்சினில் எண்ணெய் செம்புக் குழாயில் நிமிடக் கணக்கில் தங்கும். நிற்கும் எஞ்சினில் மாதக் கணக்கில் தங்கும். பனிமூட்டத்தில் தாங்கியின் உட்சுவரில் நீர் வியர்த்து அடியில் சேரும். அந்த நீரால் கறலும் பிடிக்கும். நீண்ட நாள் நின்ற எஞ்சினைக் கிளப்பும்முன் குழாயிலுள்ள எண்ணெயை வடித்துவிடுவதும், வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவதும் எஞ்சின் டிரைவர்களின் வழக்கம். வேதியியல் பாடம் யாரும் அவர்களுக்கு நடத்தவில்லை. வேலையே கற்றுக்கொடுத்தது.

1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்கான யோசனையை டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எழுதியிருந்தார். நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து கம்பிகள் தோட்டம் தோட்டமாக நீண்டன. எண்ணெய் எஞ்சின் முதலிடத்தை இழந்து, மின்சாரம் நின்றால் மட்டும் எழும் மாற்று எஞ்சினானது. இப்படி ஓரமாக ஒதுக்கப்பட்ட எஞ்சினில்தான் எண்ணெய் அதிக நாள் சும்மா கிடக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

2022ஆம் ஆண்டு அதை நினைவூட்டியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. டீசலுக்குக் கிலோமீற்றர் கணக்கில் வரிசை. கொழுந்து காத்திருக்காது. பறித்த அன்றே வாட்டி, மறுநாள் அரைத்து, நொதிக்க வைத்து, சூளைக்கு அனுப்பியாக வேண்டும். ரோலர் நடுவில் நின்றால் செம்பு நொதியம் தன் வேலையை நிறுத்தாது. கொழுந்து அளவுக்கு மீறி நொதித்துக் கெட்டுப்போகும். அந்த அச்சத்தில் கிடைத்த டீசலைக் கிடைத்த பாத்திரத்தில் நிரப்பி வைத்தவர்கள் நாடெங்கும் உண்டு. நெருக்கடி தணிந்ததும் அந்தப் பீப்பாய்களில் எத்தனை மூலையில் மறந்துபோய்க் கிடந்திருக்கும்!

டீசலைச் சேமிக்கிறவர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து சொல்லக்கூடியது இவ்வளவு. செம்பு, பித்தளைப் பாகங்களை எண்ணெயோடு சேர்ந்திருக்க விடாதீர்கள். துத்தநாகம் பூசிய தாங்கியும் வேண்டாம். கெடத் தொடங்கிய எண்ணெயின் அமிலத்தோடு துத்தநாகம் சேர்ந்து சவர்க்காரம் போன்ற பொருளாகி வடிகட்டியை அடைக்கும். சாதாரண எஃகு, அலுமினியம் நல்லவை. தாங்கியை நிறைத்து வையுங்கள், காற்றுக்கும் நீருக்கும் இடம் குறையும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பழையதை எரித்துப் புதியதை நிரப்புங்கள். தாவர எண்ணெயில் செய்த டீசல் கலந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அது செம்போடு சேர்ந்து இன்னும் விரைவாகக் கெடும்.

மலையகத்தின் தேயிலை வரலாறு என்றால் லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் நட்ட 19 ஏக்கரிலிருந்து தொடங்கித் துரைமார் பெயர்களாகவே எழுதப்பட்டிருக்கிறது. போர்க்கால மலையில் இருந்துகொண்டு, தேயிலையைத் தேயிலையாக்கும் நொதியத்தில் செம்பைக் கண்ட ஸ்ரீரங்காச்சாரின் பெயர் நம் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடத்தில் இடம்பெறத் தகுதியானது. அப்படி இடம்பெறவில்லை என்றால் அது நம் குறை. எஞ்சின் டிரைவர்களின் பெயர்களோ எங்கும் இல்லை. கண்டி ஹந்தானையில் பழைய ஸ்டோர் ஒன்றில் இயங்கும் தேயிலை அரும்பொருளகத்திலும், 1996இலிருந்து விடுதியாக இயங்கும் கந்தப்பளை ஹெதர்செட் ஸ்டோரிலும் பழைய எஞ்சின்களைப் பார்க்கலாம். எஞ்சின் இருக்கிறது, அதை ஓட்டியவர் இல்லை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ அப்பாவோ ஸ்டோரில் எஞ்சின் பார்த்தவராக இருந்தால், அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு, எண்ணெய்க் கணக்கு, பழுது பார்த்த புத்தகம் எதுவானாலும் பழைய தாள்காரருக்குப் போடாதீர்கள். உயிரோடு இருப்பவராக இருந்தால், எஞ்சினை எப்படிக் கிளப்பினீர்கள், எண்ணெய் கெட்டதை எதைக் கொண்டு கண்டீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். இதழ் முகவரிக்கு அனுப்பினால் இத்தொடரில் அவர் பெயரோடு சேர்ப்பேன்.